பாடாத மரம்

ஒலிபெருக்கியில் ஒலிக்க வேண்டியது காற்றைத் தள்ளும் கூம்பு ஒன்றுதான். அந்தக் கூம்பைத் தாங்கி நிற்கும் பெட்டி, இசை எவ்வளவு ஓங்கி எழுந்தாலும், தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல் இருக்க வேண்டும் என்பதே அதற்குரிய இலக்கணம். இந்த இலக்கணத்தை முழுமையாக நிறைவேற்றிய பெட்டி இன்றுவரை செய்யப்படவில்லை. அதை நெருங்கிச் சென்றவை சில உண்டு. அவற்றுள், ஜெர்மனியில் பான்சர்ஹோல்ஸ், அதாவது கவச மரம், என்ற பெயரில் விற்கப்படும் செறிவூட்டிய பீச் மரப்பலகையால் ஆன பெட்டிகளைத் தனியே வைத்துப் போற்ற வேண்டும். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கவும் பெட்டகக் கதவுகளை வலுப்படுத்தவும் பயன்படும் இப்பலகை, இசை கேட்கும் கூடத்துக்குள் புகுந்ததற்குக் காரணம் அதன் முரட்டுத்தனம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மைக் காரணம் அதைவிட நுட்பமானது. அதைப் புரிந்துகொண்டால்தான் இப்பெட்டிகளைச் செய்வோரின் கைத்திறனை முறையாக ரசிக்க முடியும்.

இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை நிலைநிறுத்தியவர்கள், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் ஆகிய இருவர். அவர்களுடைய கட்டுரை 1925இல் வெளியானது. காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டிய கூம்பும் அசைந்து காற்றில் ஒலியலையை எழுப்புகிறது. சுருள், காந்தம், கூம்பு மூன்றும் சேர்ந்த இந்த அமைப்பைத்தான் இத்துறையினர் டிரைவர் என்கின்றனர். கூம்பு முன்புறம் காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்புறம் காற்றைத் தளர்த்துவதால், இரண்டு அலைகளும் தடையின்றிச் சந்தித்தால் தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்புறத்து அலையை அடைத்து வைக்கவே பெட்டி தேவைப்பட்டது. 1954இல் எட்கர் வில்சூர், தம் ஏ.ஆர்.-1 ஒலிபெருக்கியில், முற்றிலும் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்புக்குச் சுருள்வில்லாகப் பயன்படுத்தி, அதுவரை அலமாரி அளவுப் பெட்டிகளே தந்துவந்த ஆழ்ந்த ஒலியைப் புத்தக அடுக்கில் வைக்கத்தக்க அளவுக்குள் கொண்டுவந்தார். இந்த வெற்றிக்குக் கொடுத்த விலை, பெட்டிச் சுவர்களின் மேல் விழும் அழுத்தம். உள்ளே அடைபட்ட காற்று சுவர்களை நெருக்குகிறது. கூம்பு முன்னே பாயும்போது அதே விசையோடு டிரைவரின் சட்டம் பின்னே உதைக்கப்படுகிறது. அந்த உதை திருகாணிகளின் வழியே முன்பலகைக்கும், அங்கிருந்து மற்றப் பலகைகளுக்கும் பரவுகிறது.

பலகையின் அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவே என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால் பரப்பளவைக் கணக்கில் கொண்டால் நிலைமை மாறிவிடும். 17 செ.மீ. டிரைவர் ஒன்றின் கூம்புப் பரப்பு ஏறத்தாழ 140 சதுர செ.மீ.; நடுத்தர அளவுள்ள பெட்டியின் சுவர்கள் அனைத்தையும் சேர்த்தால் 10,000 சதுர செ.மீ. வரை வரும். கூம்பைப் போல் எழுபது மடங்கு பரப்புள்ள சுவர்கள் கூம்பின் அசைவில் எழுபதில் ஒரு பங்கு அசைந்தாலே போதும், கூம்புக்கு நிகரான ஒலியைச் சுவர்களும் எழுப்பத் தொடங்கிவிடும். அதைவிடத் தொல்லையானது, அந்த ஒலி காலம் தவறி வருவது. ஒவ்வொரு பலகைக்கும் அதன் நீளம், அகலம், தடிமன், பொருள் ஆகியவற்றுக்கேற்ப இயல்பான அதிர்வெண்கள் சில உண்டு. இசையில் அந்த அதிர்வெண் வரும்போதெல்லாம் பலகை ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு, சுரம் நின்ற பிறகும் சிறிது நேரம் முனகிக்கொண்டிருக்கும். இதுவே ஒத்ததிர்வு. இம்முனகல் இசையின் மேல் படிந்து எல்லாக் குரலுக்கும் எல்லாக் கருவிக்கும் ஒரே சாயலைப் பூசுவதை ஒலிநிறம் ஏறுதல் என்பர். ஆண்குரலில் பேசப்படும் செய்தி குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், அங்கே பேசுவது பாதி பெட்டி என்று கொள்ளலாம்.

இந்த முனகலை அடக்க முயன்றவர்களின் வரலாறு சுவையானது. வார்ஃப்டேல் நிறுவனத்தை 1932இல் தொடங்கிய இங்கிலாந்தின் கில்பர்ட் பிரிக்ஸ், இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே மணலை நிரப்பிப் பார்த்தார். அறையின் மூலையில் செங்கல் சுவர் எழுப்பி அதையே பெட்டியாக்கவும் செய்தார். இசை ரசனைக்காகக் கொத்தனாரை அழைத்த பெருமை அவரைச் சேரும். பிபிசி ஆராய்ச்சித் துறையினர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றனர். சுவரைத் தடிமனாக்குவதால் ஒத்ததிர்வு மறைந்துவிடுவதில்லை, காது மிகவும் கூர்மையாக உணரும் நடு அதிர்வெண்களுக்கு ஏறிப் போய்விடுகிறது என்று கண்ட அவர்கள், 9 அல்லது 12 மி.மீ. அளவே உள்ள மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகையை எடுத்து, அதன் உட்புறத்தில் தார் கலந்த கனத்த பட்டைகளை ஒட்டி, ஒத்ததிர்வைக் கீழிறக்கி அங்கேயே அமுக்கிவிட்டனர். ஹார்வுட், மாத்யூஸ் ஆகிய இருவர் எழுதி 1977இல் வெளியான பிபிசி அறிக்கை இம்முறைக்கு இன்றும் ஆதார நூலாக விளங்குகிறது; ஹார்வுட் அதே ஆண்டில் தொடங்கிய ஹார்பெத் நிறுவனம் இன்றும் மெல்லிய சுவர்ப் பெட்டிகளையே செய்துவருகிறது.

பிபிசியின் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவான எல்.எஸ்.3/5ஏ என்னும் குட்டி ஒலிபெருக்கி, பெட்டிக்கலையின் நுட்பத்துக்கு மிகச் சிறந்த சான்று. ஓரடி உயரமே கொண்ட இப்பெட்டியின் உள் மூலைகளில், பலகைகளை இணைத்துப் பிடிக்கும் மரச்சட்டங்கள் உண்டு. அச்சட்டங்களைப் பீச் மரத்தில் செய்தபோது சரியாக இருந்த ஒலி, பரானா பைன் என்னும் மென்மரத்துக்கு மாற்றியபோது கெட்டது என்று பொறியாளர்கள் கண்டறிந்து, சட்டத்துக்குப் பீச்சே வேண்டும் என்று வலியுறுத்தினர். வெளியே தெரியாத, விரல் பருமனே உள்ள சட்டத்தின் மரவகை கூடக் காதுக்கு எட்டுகிறது என்றால், முழுப்பெட்டியின் மரமும் எவ்வளவு எட்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கவச மரத்துக்கும் அதே பீச்சே மூலமரம் என்பது தற்செயல்தான் என்றாலும் கவனிக்கத் தக்கது.

பின்வந்தவர்கள் வெவ்வேறு வழிகளில் முயன்றனர். செலெஸ்டியன் நிறுவனம் 1980களில் எஸ்.எல்.600 என்னும் மாதிரிக்கு, விமானங்களின் தரைப்பரப்பில் பயன்படும் தேன்கூட்டு அலுமினியப் பலகையை எடுத்துக்கொண்டு, எடையே இல்லாமல் விறைப்பை மட்டும் நாடியது. பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனம் பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகளைப் பின்னி மேட்ரிக்ஸ் எனப் பெயரிட்டது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டேவிட் வில்சன் நடத்திய வில்சன் ஆடியோ, பீனால் பிசினை அடிப்படையாகக் கொண்ட கல் போன்ற கலவைப் பொருள்களை நாடியது. இத்தாலியின் ஃபிராங்கோ செர்ப்ளின் மட்டும் வயலினை நினைவூட்டும் வளைவுகளில் வால்நட் மரத்துண்டுகளை ஒட்டிச் செதுக்கி, மரத்தின் இயல்பான குணத்தோடு சமரசம் செய்துகொண்டார். அழகில் அவருடைய குவார்னேரி ஓமாஜை விஞ்சியது இல்லை எனலாம். ஆனால் கருவிக்குரிய மரத்தையும் ஒலிபெருக்கிக்குரிய மரத்தையும் ஒன்றாக எண்ண வைக்கும் மயக்கத்துக்கு அப்படைப்பே பெரிதும் காரணமாயிற்று. வயலினின் மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரத்தைத் தேர்வது அது இலேசாகவும் விறைப்பாகவும் இருந்து தாராளமாக அதிரும் என்பதால். ஒலிபெருக்கியில் அந்த வயலினின் அதிர்வு ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. பெட்டி இன்னொரு வயலினாக வேண்டிய தேவை இல்லை.

கவச மரம் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிய, மரத்தின் உள்ளமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். எந்த மரமானாலும், அதன் உயிரணுச் சுவரின் பொருள் ஏறத்தாழ ஒரே அடர்த்தி கொண்டது. கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். தக்கை போன்ற பால்சாவுக்கும் நீரில் மூழ்கும் கருங்காலிக்கும் உள்ள வேறுபாடு, சுவர்களுக்கு இடையே எவ்வளவு வெற்றிடம் உண்டு என்பதில் மட்டுமே அடங்கியிருக்கிறது. உலர்ந்த ஐரோப்பியப் பீச் மரத்தின் அடர்த்தி சுமார் 0.7, அதாவது பாதிக்கு மேல் வெறும் காற்று. அக்காற்றை வெளியேற்றிச் சுவர்களை ஒன்றோடொன்று நெருக்கி, அவை மீண்டும் விரியாதபடி பூட்டிவிட்டால், இயற்கை தராத ஒரு மரம் கிடைக்கும். பீச்சின் நுண்துளைகள் சிறியனவாகவும் மரம் முழுவதும் சீராகவும் பரவியிருப்பதால் பிசின் எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஊறுகிறது. வேறு மரங்கள் பல இருக்க இதையே தேர்ந்ததற்கு இது முக்கியக் காரணம்.

செய்முறை சொல்வதற்கு எளியது. பீச் தண்டை வேகவைத்து, சுழலவிட்டுச் சுருள் சுருளாகச் சீவி, மெல்லிய வெனீர்த் தகடுகளாக்குகின்றனர். அத்தகடுகளைப் பீனால் பிசின் கரைசலில் ஊறவைத்து உலர்த்துகின்றனர். பீனால் பிசின் என்பது ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் மறுபடி உருகாத வகைச் செயற்கைப் பிசின். பழைய பேகலைட் மின்சுவிட்சுகள் இதனால் ஆனவையே. பிசின் ஊறிய தகடுகளை, ஒன்றின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் வரும்படி மாற்றி மாற்றி அடுக்கி, சூடேற்றிய எஃகுத் தட்டுகளுக்கிடையே வைத்து அழுத்துகின்றனர். அடுக்கு தன் உயரத்தில் ஏறத்தாழ பாதியாகச் சுருங்குகிறது. பிசின் அந்நிலையிலேயே இறுகி, நெருக்கப்பட்ட உயிரணுக்களைப் பூட்டிவிடுகிறது. இறுதியில் கிடைக்கும் பலகையின் அடர்த்தி 1.3 முதல் 1.4 வரை. உயிரணுச் சுவரின் 1.5 என்னும் எல்லையை நினைவில் கொண்டால், உள்ளே காற்றுக்கு ஏறக்குறைய இடமே இல்லை என்பது விளங்கும். இப்பலகை நீரில் போட்டால் கல்லைப் போல் மூழ்கிவிடும்.

இவ்வகை மரம் இசைக்காக உருவானதில்லை. அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள அரசு வனப்பொருள் ஆய்வகத்தில் ஆல்பிரட் ஸ்டாம், சீபோர்க் ஆகியோர் 1930களின் பிற்பகுதியிலும் போர்க்காலத்திலும் பிசினூட்டிய மரங்களை முறையாக ஆராய்ந்து, அழுத்தாமல் இறுக்கியதற்கு இம்ப்ரெக் என்றும், சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அளவு அழுத்தத்தில் இறுக்கியதற்குக் காம்ப்ரெக் என்றும் பெயரிட்டனர். பிரிட்டனில் இதன் உறவுப் பொருள்கள் இரண்டாம் உலகப் போரின்போது ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர்விமானங்கள் சிலவற்றின் விசிறி இதழ்களாயின. விமானம் தரையில் மோதினால் உலோக இதழ் வளைந்து என்ஜினையும் முறித்துவிடும். மர இதழோ தான் சிதறி என்ஜினைக் காப்பாற்றியது. பெரிய மின்மாற்றிகளுக்குள் எண்ணெயில் மூழ்கியபடி செம்புச் சுருள்களை இறுக்கிப் பிடித்திருக்கும் கட்டைகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. 1994இல் அயர்ட்டன் சென்னாவின் மரணத்துக்குப் பின் ஃபார்முலா ஒன் கார்களின் அடியில் கட்டாயமாக்கப்பட்ட 10 மி.மீ. பலகையும் அழுத்திய பீச் அடுக்கிலிருந்தே செய்யப்பட்டது. ஜெர்மனியின் பிளாம்பெர்க் நகரைச் சேர்ந்த டெலிக்னிட் நிறுவனம் செய்யும் பான்சர்ஹோல்ஸ் இக்குடும்பத்தின் இன்றைய பெயர்பெற்ற வாரிசு.

ஒலிபெருக்கிக்கு இப்பலகை ஏன் பொருந்துகிறது என்பதற்கு, கனமாக இருக்கிறது என்ற ஒற்றை விடை போதாது. பலகையின் இயல்பான அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம். அவ்விகிதத்தைக் கணக்கிட்டால், கவச மரம் நல்ல பிர்ச் ஒட்டுப்பலகையை விஞ்சுவதில்லை. விறைப்பு கூடிய அளவுக்கு அடர்த்தியும் கூடிவிட்டதால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. ஒத்ததிர்வை உயரத் தள்ளுவதே நோக்கமென்றால் அலுமினியம் இரண்டையும் தோற்கடித்துவிடும். கவச மரத்தின் பலன் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட விசை தாக்கும்போது பலகை எவ்வளவு அசைந்து கொடுக்கும் என்பதைத் தீர்மானிப்பது விறைப்பையும் அடர்த்தியையும் பெருக்கிவரும் தொகை. இதை இயந்திர எதிர்ப்பு எனலாம். மரச்சில்லுகளை நாராக்கி அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் பெட்டிக்குப் பயன்படுவது. அதோடு ஒப்பிட்டால், ஒரே தடிமனுள்ள கவச மரம் ஏறத்தாழ மூன்று மடங்கு இயந்திர எதிர்ப்பைக் காட்டுகிறது. அதாவது அதே உதைக்கு இது மூன்றில் ஒரு பங்கே அசையும். டெசிபல் கணக்கில் பத்து அளவு குறைவு.

அலுமினியத்தின் எதிர்ப்பு இதனினும் கூடுதல். ஆயினும் அலுமினியத் தகட்டைத் தட்டினால் மணியோசை நீள்கிறது. உள்ளே உராய்வு மிகக் குறைவாதலால் வாங்கிய ஆற்றலை அது எளிதில் வெப்பமாகக் கரைப்பதில்லை. உள்ளுராய்வினால் அதிர்வு அடங்குவதைத் தணிப்பு என்பர். கவச மரத்தில் மாறி மாறி ஓடும் நார்களும் அவற்றுக்கிடையே இறுகிய பிசினும் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து ஆற்றலைத் தின்றுவிடுகின்றன. விரல் மூட்டால் தட்டினால் உயர்ந்த சுருதியில் சுருக்கமாக ஓர் ஒலி எழுந்து உடனே அறுந்துபோகும், தொடர்ச்சி இல்லை. எதிர்ப்பில் அலுமினியத்துக்கும் தணிப்பில் ஈயம் போன்ற மென்மையான பொருளுக்கும் இது இரண்டாமிடமே. இரண்டையும் ஒரே பலகையில், அதுவும் தச்சுக்கருவிக்கு வசப்படும் பலகையில், சேர்த்துத் தருவதே இதன் தனிச்சிறப்பு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு, கூர்மையாக எழுந்து நீளும் ஒத்ததிர்வைவிட, அகன்று பரந்த தணிந்த ஒத்ததிர்வைக் காது இன்னும் எளிதாக உணர்கிறது என்று காட்டியது. ஆகவே தணிப்பை மட்டும் நம்பினாலும் போதாது, சுவரின் அசைவே முதலில் குறைய வேண்டும் என்பது பெறப்படுகிறது. கவச மரத்தின் பக்கம் நிற்போருக்கு இதைவிட வலுவான வாதம் கிடையாது.

தச்சுக்கருவிக்கு வசப்படும் என்பதை எளிதில் வசப்படும் என்று கொண்டுவிடக் கூடாது. சாதாரண இரும்பு வாள் இதன்மேல் சில அடி தூரம் ஓடுவதற்குள் மழுங்கிவிடும். கடின உலோகக் கார்பைடு பற்களோ வைரம் பதித்த பற்களோ வேண்டும், அவையும் விரைவில் தேய்கின்றன. வேகம் சற்றுத் தவறினால் வெட்டுவாய் கருகிப் பிசின் நாற்றம் பட்டறையை நிறைக்கும். ஆணி இதில் இறங்காது. திருகாணிக்கும் துளையிட்டு, உலோகத்தில் செய்வதுபோல் மரை வெட்டியாக வேண்டும். அப்படி வெட்டிய மரை ஆண்டுக்கணக்கில் கழற்றி மாட்டினாலும் தளர்வதில்லை என்பது டிரைவர்களை இறுக்கிப் பிடிப்பதற்குப் பெரும் வசதி. ஒட்டுவதும் தொல்லையே. சாதாரண மரம் பசையை உறிஞ்சிக்கொண்டு பிடிக்கும். இங்கே துளைகளெல்லாம் ஏற்கெனவே பிசினால் அடைபட்டுக் கிடப்பதால், மேற்பரப்பை உரசிச் சொரசொரப்பாக்கி எப்பாக்சி வகைப் பசையால் இணைக்க வேண்டியிருக்கிறது. இணைப்பு முகங்கள் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும், ஏனெனில் எம்.டி.எஃப்.பைப் போல் கவ்வி வைத்து நெருக்கினால் வளைந்துகொடுக்கும் பொருள் இதில்லை. தவறாக வெட்டிய பலகையைச் சரிக்கட்ட வழியில்லை, அப்படியே ஒதுக்க வேண்டியதுதான்.

எடையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பும் 20 மி.மீ. தடிமனும் உள்ள எம்.டி.எஃப். பலகை 14, 15 கிலோ இருக்கும். அதே அளவு கவச மரம் 27 கிலோ. தரையில் நிற்கும் ஒலிபெருக்கி ஒன்றுக்கு 30 மி.மீ. தடிமனில் இரண்டு சதுர மீட்டர் பலகை தேவை என்று கொண்டால், டிரைவரும் காந்தமும் கம்பியும் சேருமுன்பே வெறும் பெட்டி 80 கிலோவை எட்டிவிடும்.

இவ்வளவு இடரையும் ஏற்றுக்கொண்டு இப்பலகையிலேயே ஒலிபெருக்கி செய்வோரில் முன்னணியில் வைத்து எண்ணத் தக்கது ஜெர்மனியின் கைசர் அக்கூஸ்டிக்ஸ். ரைனர் வேபர் வடிவமைத்த அதன் காவெரோ வரிசை, விவாச்சே, கியாரா முதலிய பெயர்களில் வந்தது. பான்சர்ஹோல்ஸைப் பிறநாட்டவர்க்கு டாங்க்வுட் என்று அறிமுகம் செய்து ரசிகர் உலகில் அதற்கு மதிப்பு ஏற்படுத்தியதில் இந்நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. ஒலிபெருக்கிக்கு வெளியேயும் இப்பலகை இசையரங்குக்குள் வந்திருக்கிறது: கராட் 301 போன்ற பழைய இசைத்தட்டுச் சுழலிகளைப் புதுப்பிப்போர், மோட்டாரின் நடுக்கம் ஊசிக்கு ஏறாதிருக்க, அவற்றின் அடிப்பீடத்தை இதனால் செய்கின்றனர்.

இப்பெட்டிகளைக் காண்போர் முகப்பின் மெருகைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், மெருகிடாத விளிம்பு எங்கேனும் திறந்திருந்தால் அங்கே குனிந்து பார்ப்பது நல்லது. சாதாரண ஒட்டுப்பலகையின் விளிம்பில் வெள்ளையும் பழுப்புமாக அகன்ற கோடுகள் ஓடும். இடையிடையே சிறு பொந்துகளும் தென்படும். கவச மரத்தின் விளிம்பில் கோடுகள் மிக நெருங்கி, கருகிய பழுப்பு நிறத்தில், பழைய ஏட்டுக்கட்டின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தாற்போல் தோன்றும். பொந்து என்பது கிடையாது. நகத்தால் கீறினால் கீறல் விழுவதில்லை. உள்ளங்கையை வைத்தால் மரத்துக்குரிய வெதுவெதுப்புக்கு மாறாகக் கல்லின் குளிர்ச்சி தட்டுப்படும். இந்த விளிம்பை மறைத்து, மேலே பியானோக் கறுப்பு மெருகைத் தடவி, உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாமல் விற்போரும் உண்டு. அவர்களுடைய ரசனை வருந்தத் தக்கது.

கேட்பவருக்கு இதனால் கிடைப்பது என்ன? முதன்முறை கேட்கும்போது ஏமாற்றமே என்று சொல்ல வேண்டும். பெட்டி சேர்த்துவந்த கதகதப்பும் பருமனும் நீங்கிவிடுவதால், தாழ்ந்த சுருதிகள் குறைந்துபோனாற்போல் தோன்றும். சற்றுப் பொறுத்துக் கேட்டால், குறைந்தது அளவில்லை, ஒழுங்கற்ற மிச்சம்தான் என்பது புலப்படும். தந்தி மீட்டப்படும் டபிள்பாஸில் ஒவ்வொரு சுரமும் தனக்குரிய சுருதியோடு தொடங்கித் தனக்குரிய இடத்தில் முடிகிறது. மற்றப் பெட்டிகளில் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கும்மென்ற ஓசையாய் நகர்வது வழக்கம். செல்லோவின் கீழ்த்தந்திகளில் சில சுரங்கள் மட்டும் காரணமின்றிப் பெருத்து ஒலிப்பது நின்றுவிடுகிறது. மிகப்பெரும் பலன் மெல்லக் கேட்கும்போதுதான். முனகும் பெட்டி, இசையின் மெல்லிய பகுதிகளைத் தன் முனகலால் மூடிவிடுவதால், கேட்பவர் தெளிவை நாடி ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போவார். பெட்டி அடங்கியிருந்தால், பியானோவில் தந்தியின் ஒலி தேய்ந்து அடங்குவதும், பாடகர் அடுத்த அடிக்கு மூச்செடுக்கும் ஓசையும், பதிவு செய்த மண்டபத்தின் அளவும் இரவு நேரத்து ஒலியளவிலேயே தெரிந்துவிடும். பெரிய ஒலிபெருக்கியைச் சிறிதாக ஒலிக்கவிட்டுச் சோதிப்பதே இவ்வகைப் பெட்டிகளுக்கு உரிய முறை. விற்பனைக் கூடங்களில் முரசும் இடியும் ஒலிக்கவிட்டுக் காட்டுவது, பெட்டியின் அருமையை மறைக்கும் முறை.

இதைச் சொல்லிவிட்டு, எதிர்த்தரப்பையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அடங்கிய பெட்டி மற்றக் குறைகளை அம்பலப்படுத்திவிடும். தாழ்ந்த சுருதியையும் உயர்ந்த சுருதியையும் பிரித்து உரிய டிரைவருக்கு அனுப்பும் மின்சுற்றுக்குக் கிராஸோவர் என்று பெயர். அது ஒழுங்காக அமையாத ஒலிபெருக்கியில், பெட்டியின் முனகல் ஓரளவு திரைபோல் மறைத்துவந்த பிசகுகள் பட்டவர்த்தனமாகிவிடும். கவச மரப் பெட்டிக்குள் நடுத்தர டிரைவரை வைப்பது பணத்தை வீணாக்குவது மட்டுமில்லாமல், அந்த டிரைவருக்கும் அவப்பெயர் தேடித்தருவது. விளம்பரங்களில் எடையைக் கிலோக் கணக்கில் பெரிதாக அச்சிடுவதும் இத்துறையில் படிந்துவிட்ட கெட்ட வழக்கம். இயந்திர எதிர்ப்பில் பாதிப்பங்கு விறைப்புக்கும் தணிப்பில் முழுப்பங்கு உள்ளமைப்புக்கும் இருக்க, எடையை மட்டும் காட்டுவது வாங்குபவரின் அறியாமையை நம்பிச் செய்வது. பிசின் இறுகிய இம்மரத்தை மறுபடி பிரித்துப் பயன்படுத்த வழி அரிது என்பதையும் குறிக்க வேண்டும். பல பத்தாண்டு உழைக்கும் பொருளாக வாங்காவிட்டால் இதை வாங்குவதில் நியாயமில்லை.

பிபிசி வழியில் வந்த மெல்லிய பெட்டிகளைக் கவச மரம் காலாவதியாக்கிவிட்டது என்பதும் சரியில்லை. மனிதக்குரலின் எல்லைக்குள் அவை காட்டும் இயல்பு இன்றும் பலருடைய அளவுகோல். சிறு அறையில் குரலிசையும் சிறு குழு இசையும் மட்டும் கேட்போருக்கு அவையே போதும், பணமும் மிஞ்சும். முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் குழாய் ஆர்கனையும் அவற்றின் ஆழத்தோடும், அதே வேளையில் தாழ்ந்த ஒலியளவில் தெளிவோடும் கேட்க விரும்புவோருக்கு மெல்லிய சுவர் போதாது. அங்கே கவச மரத்துக்கு நிகரான மரம் வேறில்லை. வாங்க எண்ணுவோர் பெட்டியின் எடையைக் கேட்பதைவிட, உள்ளே குறுக்குச் சட்டங்கள் எத்தனை, இணைப்புகள் எம்முறையில் ஒட்டப்பட்டன, டிரைவரைப் பிடிக்கும் மரை மரத்திலேயே வெட்டப்பட்டதா என்று கேட்கட்டும். தாம் நன்கு அறிந்த ஒரு பியானோப் பதிவைக் குறைந்த ஒலியளவில் முழுவதும் கேட்ட பிறகே விலை பேசட்டும்.